ஓட்டையைப் பார்த்தால் பின்னல் தெரியும்

கையால் பின்னிய லேஸ் சால்வை ஒன்று கண்ணில் பட்டால், பின்னல் தெரிந்தவர்கள் உடனே கேட்பது “இது என்ன டிசைன்?” என்றுதான். அன்னாசி, மயில்கண், விசிறி என்று ஏதாவது ஒரு பெயர் கிடைக்கும். அந்தப் பெயரை வைத்துத் தேடினால், அதே பெயரில் ஒன்றோடொன்று ஒட்டாத பத்து டிசைன்கள் வந்து நிற்கும். பூவையும் விசிறியையும் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு ஓட்டையைப் பாருங்கள். லேஸ் என்பதே ஓட்டைகளை ஒழுங்காக அடுக்கும் வேலை. டிசைன்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், ஒற்றைக் கொக்கியால் பின்னும் குரோஷேவில் ஓட்டை விழும் வழிகள் மிகச் சில. எந்த வழியில் விழுந்தது என்று பிடித்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

அதற்கு முன், கையிலிருப்பது குரோஷேதானா என்று பார்த்துவிட வேண்டும். உலகப் புகழ் பெற்ற லேஸ் சால்வைகளில் பல குரோஷே அல்ல. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து, ரஷ்யாவின் ஓரன்பர்க், எஸ்தோனியாவின் ஹாப்சலு ஆகிய இடங்களின் சால்வைகள் ஊசிகளால் பின்னும் நிட்டிங் வகை. நிட்டிங்கில் ஒரு வரிசையின் கண்ணிகள் எல்லாம் ஊசியிலேயே காத்திருக்கும்; அடுத்த வரிசை அவற்றுக்குள் புகுந்து வரும். அதனால் சின்னச் சின்ன ‘வி’ வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெட்டுக்கு நிற்கும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் அந்த நெடுவரிசையே கீழ்வரை அவிழ்ந்து இறங்கும். குரோஷேவில் கொக்கியில் இருப்பது ஒரே ஒரு கண்ணி. ஒரு தையலைப் போட்டுப் பூட்டிய பிறகுதான் அடுத்த தையல். எனவே ஒவ்வொரு தையலும் தனித் தூணாக நிற்கும். ஒரு வரிசையின் தலைப்பகுதியை மேலிருந்து பார்த்தால் படுத்த சங்கிலி ஒன்று ஓடுவது தெரியும். இந்த இரண்டும் இருந்தால் குரோஷேதான்.

நாகர்கோவில் பக்கத்துப் பழைய லேஸ் வேலை இன்னொரு இனம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அங்கே சொல்லிக்கொடுத்தது தலையணை மேல் ஊசி குத்தி, பாபின்களில் சுற்றிய பல நூல்களை ஒன்றோடொன்று குறுக்கியும் முறுக்கியும் செய்யும் லேஸ். அதில் கண்ணியே கிடையாது. குரோஷே மாதிரியே ஏமாற்றுவது இயந்திர லேஸ். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும், ஒரு துணி மேல் எம்பிராய்டரி போட்டு, பிறகு ரசாயனத்தில் அந்தத் துணியை மட்டும் கரைத்துவிடும் முறை வந்தது. தூரத்தில் பார்த்தால் அசல் குரோஷே. உருப்பெருக்கியில் பார்த்தால் நூல் முன்னும் பின்னுமாக ஓடியிருக்கும், சங்கிலி இருக்காது. குரோஷேவை அப்படியே போட்டுத்தரும் இயந்திரம் இன்றும் சந்தையில் இல்லை. அசல் குரோஷே சால்வை எவ்வளவு மலிவாக விற்றாலும், அதற்குப் பின்னால் யாரோ ஒருவருடைய கை இருக்கிறது. ஆந்திராவின் நரசாபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் மிஷனரிகள் வழியாக வந்த இந்த வேலை, தலைமுறைகளாகப் பெண்களின் கையில் நடக்கிறது. 2024இல்தான் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் வேலைக்கு அந்த அடையாளம் எப்போதோ கிடைத்திருக்க வேண்டும்.

சரி, ஒரு தூணை நெருங்கிப் பார்ப்போம். கொக்கியில் நூலைச் சுற்றாமல் நேரே கீழ் வரிசையில் குத்தி இழுத்தால் வருவது குட்டையான சிங்கிள். ஒரு சுற்று சுற்றிக்கொண்டு குத்தினால் டபுள். இரண்டு சுற்று என்றால் ட்ரெபிள். கண்ணிகளை இரண்டிரண்டாக இழுத்து முடிக்கும்போது, சுற்றிய ஒவ்வொரு சுற்றும் தூணின் உடம்பில் ஒரு சாய்ந்த கோடாகத் தங்கிவிடும். ஆகவே சாய்கோட்டை எண்ணினால் போதும்: கோடு இல்லை என்றால் சிங்கிள், ஒன்று என்றால் டபுள், இரண்டு என்றால் ட்ரெபிள். புகைப்படம் தெளிவாக இருந்தால் அதை வைத்தே எண்ணிவிடலாம். நான் சொல்வது அமெரிக்கக் கணக்கு. பிரிட்டிஷ் புத்தகங்களில் இதே சிங்கிளை டபுள் என்றும், டபுளை ட்ரெபிள் என்றும் எழுதுவார்கள். எந்தக் கணக்கு என்று பார்க்காமல் பின்ன ஆரம்பித்தால் சால்வையின் அளவே மாறிவிடும்.

இப்போது ஓட்டைக்கு வருவோம். முதல் வழி, தூண் நிற்க வேண்டிய இடத்தில் செயின் போட்டுத் தாண்டிப் போவது; அதாவது கீழே குத்தாமல் கண்ணிக்குள் கண்ணியாக இழுத்துக்கொண்டு போவது. இதன் எளிய வடிவம் ஃபிலே குரோஷே: ஒரு டபுள், இரண்டு செயின், கீழே இரண்டு தையலை விட்டுவிட்டு மறுபடி ஒரு டபுள். இப்படியே போனால் சன்னல் கம்பி போட்டது போன்ற கட்டங்கள் வரும். அந்த இரண்டு செயினுக்குப் பதிலாக இரண்டு டபுள் போட்டால் கட்டம் அடைபடும். திறந்த கட்டம், அடைத்த கட்டம் என்ற இரண்டை மட்டும் வைத்து ரோஜாவும் மயிலும் எழுத்தும் வரைந்துவிடலாம். படத்தில் எல்லா ஓட்டையும் ஒரே அளவுச் சதுரமாக இருந்தால் டிசைன் பெயரைத் தேடவே வேண்டாம். கட்டம் போட்ட தாளில் அதை அப்படியே நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே செயின் வழியின் கெட்டிக்காரப் பிள்ளை அன்னாசி. 1930, 40களில் அமெரிக்காவில் மேசை விரிப்புகளாகப் பரவி, பிறகு சால்வைக்கும் வந்தது. பார்வைக்குச் சிக்கலானதாகத் தெரியும். உள்ளே இருப்பது எளிய கணக்கு. ஒரே ஓட்டைக்குள் பல டபுள்களைக் குத்தி விசிறி போல விரிப்பார்கள். அடுத்த வரிசைகளில் அந்த விசிறியின் தலையில் சிங்கிளும் மூன்று செயினுமாக மாறி மாறிப் போட்டு வளைவுகளை உண்டாக்குவார்கள். அதன்பின் வரிசைக்கு ஒரு வளைவு குறையும். அடியில் 9 வளைவு இருந்தால் 9ஆவது வரிசையில் ஒன்றே மிஞ்சும். அதுதான் அன்னாசியின் நுனி. உள்ளே அகலம் குறையக் குறைய இருபுறமும் ஓடும் ஷெல் வரிசைகள் (ஷெல் என்பது ஒரே இடத்தில் குத்திய சில தூண்களின் கொத்து) உள்ளே சாய்ந்து, அன்னாசிக்கு அந்த வளைந்த விளிம்பைக் கொடுக்கின்றன. எனவே அன்னாசி டிசைனை அடையாளம் காண அதன் பெயர் போதாது. அடி விசிறியில் எத்தனை டபுள், முதல் வளைவு வரிசையில் எத்தனை வளைவு, ஓரத்து ஷெல்லில் எத்தனை தூண் என்ற மூன்று எண்ணையும் எடுங்கள். அவை கிடைத்தால் டிசைனை நீங்களே திரும்ப எழுதிவிடலாம்.

இரண்டாவது வழி, கண்ணியையே நீளமாக இழுத்துவிடுவது. இங்கே செயின் இருக்காது. ஓட்டையின் ஓரம் முறுக்கில்லாமல் தளர்வான இழையாக இருக்கும். சாலமன் முடிச்சு என்ற வலையில், கொக்கியிலுள்ள கண்ணியை ஓர் அங்குலம் போல இழுத்து, அதன் பின்பக்க இழையில் ஒரு சிங்கிள் போட்டுப் பூட்டுவார்கள். அந்தப் பூட்டு இல்லாவிட்டால் நூல் வழுக்கிக் கண்ணி மறுபடி சுருங்கிவிடும். வைர வடிவ ஓட்டையும் மூலைக்கு மூலை சின்ன முடிச்சும் தெரிந்தால் இதுதான். பிரூம்ஸ்டிக் லேஸில் நீண்ட கண்ணிகளைத் தடித்த கம்பியில் வரிசையாக மாட்டிவைத்து, பிறகு நான்கைந்தாகச் சேர்த்துக் கட்டுவார்கள். அந்தக் கொத்துகள் சற்றே சுழன்று கண் போலத் தெரிவதால்தான் மயில்கண் என்ற பெயர். ஹேர்பின் லேஸ் இரண்டு கால் உள்ள கவையில் செய்வது. நடுவில் தண்டும் இருபுறமும் நீண்ட கண்ணிகளும் உள்ள பட்டைகள் கிடைக்கும். அவற்றைப் பக்கம் பக்கமாகக் கோத்தால் சால்வை. பிரூம்ஸ்டிக், ஹேர்பின் இரண்டிலும் கண்ணிகள் எல்லாம் ஒரே அளவில் இருக்கும். காரணம், அளவைக் கை தீர்மானிக்கவில்லை, கம்பி தீர்மானித்தது.

மூன்றாவது வழி, துண்டுகளைத் தனித்தனியே செய்து நடுவெளியை வலையால் நிரப்புவது. ஐரிஷ் குரோஷே இதன் உச்சம். ரோஜா, இலை, திராட்சை என ஒவ்வொன்றையும் தடித்த நூலை உள்ளே வைத்து, அதன்மேல் நெருக்கமாகச் சிங்கிள் போட்டுப் புடைப்பாகச் செய்வார்கள். பிறகு அவற்றைத் துணியில் குத்திவைத்து, இடையில் ஒழுங்கில்லாத செயின் வலை பின்னுவார்கள். அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தபோது, பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது இந்த வேலை. ஊசியால் செய்யும் வெனிஸ் லேஸின் தோற்றத்தைக் கொக்கியால் மிக வேகமாகக் கொண்டுவர முடிந்ததே அதன் பலம். 1847இல் குளோன்ஸ் ஊர்ப் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் இதை அங்கே பரப்பினார். நீட்டிய கண்ணியைப் பல தடவை சுற்றிப் பூட்டும் முடிச்சுக்கு இன்றும் அந்த ஊரின் பெயர்தான். வலையில் உருண்டையான அந்த முடிச்சுகளும் புடைத்த பூக்களும் சேர்ந்திருந்தால் வேறு யோசனையே வேண்டாம்.

ஓட்டை தெரிந்தாயிற்று; இனி உருவம். ஒரே பக்கமாகச் சுற்றிப் போனால் எல்லாத் தூணும் முன்முகம் காட்டும். வரிசைக்கு வரிசை திருப்பிப் பின்னியிருந்தால் முன்முகமும் முதுகும் மாறி மாறி வரும். வரிசைக்கு எத்தனை தையல் கூடுகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. வட்டத்தின் ஆரம் ஒரு தையல் உயரம் வளர்ந்தால் சுற்றளவு அந்த உயரத்தைப் போல 6.28 மடங்கு வளர வேண்டும். சிங்கிளின் உயரமும் அகலமும் ஏறக்குறையச் சமம் என்பதால் சுற்றுக்கு 6 தையல் கூட்டினால் வட்டம் தட்டையாகக் கிடக்கும். டபுள் இரண்டு மடங்கு உயரம், எனவே 12. டபுளில் பின்னும் அரைவட்டச் சால்வைக்கு வரிசைக்கு 6. கழுத்து நடுவில் தொடங்கி இறங்கும் செங்கோண முக்கோணத்துக்கு 8: நடு முனையில் 4, ஒவ்வோர் ஓரத்துக்கும் 2. லேஸில் செயினையும் தையலாகவே எண்ணுங்கள். கூட்டல் குறைந்தால் சால்வை கிண்ணமாகக் குழியும். மிஞ்சினால் கோழிக்கொண்டைப் பூ போலச் சுருண்டு மடியும். இந்தச் சுருளைத்தான் கார்னெல் பல்கலைக்கழகக் கணித அறிஞர் டைனா டைமினா 1997இல் வகுப்பறைக்குக் கொண்டுபோனார். வரிசைதோறும் ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போய், எங்கு பார்த்தாலும் குதிரைச் சேணம் போல வளைந்திருக்கும் அதிபரவளையத் தளத்தைக் கையில் பிடித்துப் பார்க்கும் பொருளாக்கினார்.

பின்னி முடித்ததும் சால்வை கசங்கிய பொட்டலம் போலத்தான் இருக்கும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். ஓட்டைகள் திறப்பது பிளாக்கிங்கில்: நனைத்து, இழுத்து, குண்டூசி குத்திக் காயவிடுவது. கம்பளி இழை தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை உள்வாங்கும். அப்போது கெரட்டின் புரதச் சங்கிலிகளுக்கு இடையிலுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபடுகின்றன. காயும்போது, இழுத்துவைத்த புதிய நிலையிலேயே மறுபடி பிணைகின்றன. அடுத்த முறை துவைக்கும்வரை வடிவம் நிற்கும். பருத்தியிலும் இதே வேலை நடக்கும், ஆனால் அதற்குக் கம்பளியின் துள்ளல் இல்லை. சால்வையின் கனமே அதைக் கீழே இழுக்கும். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி போடுவதானால் மெல்லிய நூலும் சின்ன ஓட்டையுமாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. சாலமன் முடிச்சு பருத்தியில் நீண்டு தொங்கிவிடும். கடையில் அதிகம் கிடைக்கும் அக்ரிலிக் தண்ணீரைக் குடிக்காது, சூட்டுக்கு மட்டும் இளகும். அதற்கு ஊசி குத்திவைத்து நீராவியை ஓர் அங்குலம் மேலிருந்து காட்டுங்கள். இஸ்திரிப் பெட்டி நூலைத் தொட்டால் இழை உருகித் தட்டையாகிவிடும். அப்படிப் போனது திரும்ப வராது. முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி, அதன்மேல் நீராவி காட்டிப் பார்த்துவிட்டுச் சால்வைக்குப் போங்கள்.