'இன்ஃப்ளேமபிள்' என்றால் தீப்பிடிக்கும்

"இன்ஃப்ளேமபிள்னுதானே எழுதியிருக்கு, அப்போ தீப்பிடிக்காதுல்லா?"

தொழிற்பாதுகாப்புப் பயிற்சிகளில் ஓயாமல் எழும் கேள்வி இது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டினம் பக்கம் ஃபைபர் வள்ளம் பழுதுபார்க்கும் இடங்களில் அசிட்டோன் கேனை ஒட்டியே வெல்டிங் வைக்கிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். பொறுத்தது போதும். தீப்பிடிக்கும். மிக எளிதில் பிடிக்கும். அதைச் சொல்லத்தான் கேனில் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள்.

இதில் ஏமாறுவது ஆங்கிலம் தெரியாதவர்கள் அல்ல. தெரியாதவர் யாரிடமாவது கேட்டுவிடுவார். கரெக்ட் – இன்கரெக்ட், விசிபிள் – இன்விசிபிள் என்று எதிர்ச்சொல் மனப்பாடம் செய்தவர்கள்தான் 'இன்' வந்தாலே 'இல்லை' என்று முடிவுகட்டுகிறார்கள். லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த 'இன்' ஒன்றல்ல, இரண்டு. ஒன்று மறுக்கும். மற்றது 'உள்ளே, மேலே' என்று பொருள்படும். 'இன்ஜெக்‌ஷன்' சொல்லில் இருப்பது அது. லத்தீனில் 'ஃப்ளாமா' என்றால் சுடர், 'இன்ஃப்ளாமாரே' என்றால் தீமூட்டுதல். நம் சொல் அந்த வழியில் பிறந்தது. 'ஃப்ளேமபிள்' அதற்குப் பின்னால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது, பொருள் அதேதான். ஆங்கிலம் பேசும் நாட்டிலேயே ஆள்கள் குழம்பக்கூடும் என்று அஞ்சி, அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலேயே 'இன்' இல்லாத சொல்லை எழுதும்படி வலியுறுத்தத் தொடங்கியது. நம் டேங்கர் லாரிகளிலோ பழைய சொல் இன்னும் இருக்கிறது.

தீப்பிடிக்காத பொருளுக்கு 'நான்ஃப்ளேமபிள்' என்று போடுவார்கள். 'இன்கம்பஸ்டிபிள்' என்றாலும் எரியாதது; அங்கே 'இன்' மறுக்கிறது! ஆகவே முன்னொட்டை வைத்து ஊகிக்கவே ஊகிக்காதீர்கள். சாய்சதுரத்துக்குள் சுடர் படம் இருக்கிறதா என்று பாருங்கள். லாரியில் 1203 என்ற எண் இருந்தால் உள்ளே பெட்ரோல்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. சட்டென்று கோபம் மூளும் ஆளையும், சின்னப் பொறியில் கலவரமாகிவிடும் சூழலையும் இப்படிச் சொல்வார்கள். கலவரத்தை மூட்டிவிடும் பேச்சு 'இன்ஃப்ளமேட்டரி'. டாக்டர் எழுதும் 'இன்ஃப்ளமேஷன்' அதே வேர். தமிழிலும் அழல் என்றால் தீ, வீங்கிச் சிவந்து எரிவது அழற்சி. எந்தப் பக்கம் திருப்பினாலும் தீதான்.

இனி, கையில் இருக்கும் பொருள்களுக்கு வருவோம்.

வள்ளத்து அவுட்போர்டு இன்ஜினைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டுகிறோம். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி வாக்கிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்கு 35 டிகிரிக்கு மேல் வேண்டும். ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் அடங்கி எரிவது அதனால்தான். மிஞ்சின பெட்ரோலைச் சோம்பலில் மண்ணெண்ணெய் கேனில் கவிழ்த்தால், அந்தக் கேன் முழுக்கப் பெட்ரோல் போலவே நடந்துகொள்ளும். அது வீட்டு அடுப்பங்கரைக்குப் போய்ச் சேர்ந்தால் ஸ்டவ் வெடிக்கும். தயவுசெய்து கலக்காதீர்கள். பெட்ரோல் கேனுக்குச் சிவப்பு பெயின்ட் அடித்துத் தனியே வையுங்கள். பெட்ரோல் பங்கில் நிரப்பும்போது கேன் வண்டியின் மேல் இருக்கக் கூடாது, தரையில் இருக்க வேண்டும். நிலைமின்சாரப் பொறி போதும், பற்றிக்கொள்ளும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், தரையோடு தவழ்ந்து போகும். தள்ளி உட்கார்ந்து பீடி பற்றவைக்கிறவர் அதைப் பார்க்க முடியாது.

ஃபைபர் வேலையில் ஆபத்து இன்னும் அதிகம். முதலில் ரெசின் என்ற பிசினில், அது இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரை ஊற்றி நன்றாகக் கலக்க வேண்டும். அதன்பிறகுதான் அதை இறுகவைக்கும் ஹார்ட்னர், ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். ஆக்ஸிலரேட்டரும் ஹார்ட்னரும் நேருக்கு நேர் சேர்ந்தால் தீக்குச்சியே வேண்டாம், தானாகச் சீறிப் பற்றும். இரண்டையும் அளக்க ஒரே கப்பை எடுக்கவே கூடாது. ஹார்ட்னர் துடைத்த துணியை மூலையில் குவிக்காமல் தண்ணீரில் நனைத்து வெளியே போடுங்கள். பிரஷ் கழுவும் அசிட்டோன் மைனஸ் 20 டிகிரி வாக்கிலேயே பற்றும். வெல்டிங் முடிந்து, சூடு ஆறிய பிறகே அதன் மூடியைத் திறக்க வேண்டும்.

வீட்டில் கரப்பான் ஸ்ப்ரேயை அடுப்பு எரியும்போது அடிக்காதீர்கள். அந்த டப்பா 50 டிகிரியைத் தாண்டக் கூடாது. வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். சானிடைசர் தடவிய கை முழுதாகக் காயட்டும், பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள்.

பெட்ரோல் எரியும்போது தண்ணீர் ஊற்றினால் அது தண்ணீர்மேல் மிதந்து தீயைப் பரப்பும். மணல் போடுங்கள், அல்லது உலர்பொடி அணைப்பான்.

தின்னரைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கும் பெயின்ட் கடை அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள், ஒரிஜினல் டின்னிலேயே கொடுங்கள். டின் மேல் மார்க்கரால் 'தீப்பிடிக்கும்' என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். எதிர்ச்சொல் நடத்தும் ஆசிரியர்கள் இந்த ஒரு சொல்லையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், வீட்டில் அந்தப் பிள்ளைதான் லேபிளைப் படித்து அப்பாவுக்குச் சொல்லும்.