ரிஃபார்மிங்: சீர்திருத்தம் அல்ல, மறுபடலமேற்றல்

பழைய மினிகணினிகளைச் சேகரிப்பவர்களின் பேச்சில் ஓயாமல் அடிபடும் சொல் ‘ரிஃபார்மிங்’. 1965இல் வந்த பிடிபி-8 ஆகட்டும், 1969இல் வந்த நோவா ஆகட்டும், ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்த பெட்டிக்கு மின்சாரம் கொடுக்குமுன் அதன் மின்வழங்கியில் இருக்கும் பருத்த மின்தேக்கிகளுக்குச் செய்ய வேண்டிய வேலை இது. இதைத் தமிழில் ‘சீர்திருத்தம்’ என்றும் ‘புதுப்பித்தல்’ என்றும் எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே பொருந்தாது.

லத்தீன் ‘ஃபோர்மா’ என்றால் உரு, வடிவம். சமூகச் சீர்திருத்தத்தைக் குறிக்கும் ‘ரிஃபார்ம்’ அந்த வேரிலிருந்து வந்ததுதான். ஆனால் மின்தேக்கித் தொழிலில் ‘ஃபார்மிங்’ என்பது தனிக் கலைச்சொல். அலுமினியத் தகட்டை மின்பகுளியில் அமிழ்த்தி, நேர்மின்வாயாக இணைத்து மின்னோட்டம் செலுத்தினால் அதன்மேல் அலுமினியம் ஆக்சைடு படலம் வளரும். வோல்ட்டுக்கு ஏறத்தாழ 1.4 நானோமீட்டர் தடிமன். மின்தேக்கியின் மின்காப்பு முழுவதும் அந்த மெல்லிய படலம்தான். மின்னழுத்தம் இல்லாமல் நெடுங்காலம் கிடந்தால் அது அங்கங்கே நலிந்துவிடும். நலிந்த இடத்தில் மறுபடி வளர்ப்பதே ‘ரி-ஃபார்மிங்’.

படலம் உலோகத்திலிருந்தே வளர்வதால் ‘பூசுதல்’ சரிவராது. மின்சாரத்தால் ஏறுவதால் முதல்முறை வளர்ப்பதைப் ‘படலமேற்றல்’ என்றும், பின்னால் செய்வதை ‘மறுபடலமேற்றல்’ என்றும் சொல்லலாம். சொல்லைக் கேட்டதுமே செய்முறையும் பிடிபடும்: படலம் வளர நேரம் வேண்டும், மிகக் குறைந்த மின்னோட்டம் போதும். எடுத்த எடுப்பில் முழு அழுத்தமும் கொடுத்தால் நலிந்த இடங்கள் வழியே மின்னோட்டக் கசிவு பெருகி, சூடேறி, உள்ளே வாயு சேர்ந்து, பாதுகாப்பு அடைப்பு பிய்த்துக்கொள்ளும்.

50,000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் மின்தேக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உடல் உப்பியிருந்தாலோ ஓரத்தில் மின்பகுளி ஒழுகியிருந்தாலோ முயலவே வேண்டாம். நன்றாக இருந்தால் மின்தடை வழியாக மிச்சச் சார்ஜை வடித்துவிட்டு, மின்சுற்றிலிருந்து கழற்றுங்கள். கழற்றாவிட்டால் அதோடு இணையாகப் பூட்டிய வடிகால் மின்தடை (மின்சாரத்தை நிறுத்தியதும் சார்ஜை வடிப்பது) வழியே ஓடும் மின்னோட்டமும் கசிவுக் கணக்கில் சேர்ந்துவிடும். 1 கிலோஓம், 2 வாட் மின்தடையைத் தொடராக இணைத்து, முனை மாறாமல் பார்த்து, 5 வோல்ட்டில் தொடங்குங்கள். முதல் நான்கைந்து நிமிடம் மீட்டரில் தெரிவது வெறும் சார்ஜ் ஏறும் மின்னோட்டம்; சார்ஜ் ஏறும் வேகத்தைக் காட்டும் கால மாறிலியே இந்த இணைப்பில் 50 விநாடி. அதைக் கசிவு என்று எண்ணிப் பதற வேண்டாம்.

மீட்டரை மின்தடையின் இருமுனையிலும் வையுங்கள். அங்கே 1 வோல்ட் தெரிந்தால் கசிவு 1 மில்லிஆம்பியர். அதற்குக் கீழே இறங்கிய பிறகே அடுத்த 5 வோல்ட். இப்படியே 25 வரை போய், அதில் சில மணிநேரம் விடுங்கள். குறித்த அழுத்தத்தைத் தாண்டவே கூடாது. ஒரு நாள் கழிந்தும் மின்தடைமேல் தெரிவது 3 வோல்ட்டுக்குக் கீழே வரவில்லை என்றாலோ, இறங்கிய அளவு மறுபடி ஏறினாலோ, தொட்டால் சூடு தெரிந்தாலோ, அந்த மின்தேக்கியைக் கைவிட வேண்டியதுதான்.

‘புதுப்பித்தல்’ என்ற சொல் ஆளை ஏமாற்றுவது இதற்குப் பிறகுதான். மீள்வது படலம் மட்டுமே. வறண்டுபோன மின்பகுளி திரும்பி வராது. ஆகவே கசிவு அடங்கிய பிறகும் கொள்ளளவையும், மின்தேக்கிக்குள்ளேயே தொடராக இருக்கும் உள்தொடர் மின்தடையையும் அளக்க வேண்டும். கொள்ளளவு 40,000க்குக் கீழே போயிருந்தால், கசிவே இல்லாவிட்டாலும் மாற்றிவிடுவதே எங்கள் வழக்கம். சுற்றுப் பலகைகளில் சொட்டு வடிவில் நிற்கும், டான்டலம் என்ற உலோகத்தைக் கொண்ட திண்ம மின்தேக்கிகளுக்கு இந்த வைத்தியம் கிடையாது. குறுக்குச்சுற்று ஆனதைக் கழற்றிப் புதியதை வைக்க வேண்டும்.