பேரேடு போனாலும் சிட்டை இருக்கிறது

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. மளிகை, பால், மருந்துக்கடை பில்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு கணினியில் வீட்டுக் கணக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். பதினோராவது பில்லின் தொகையைத் தட்டும்போது கரண்ட் போய்விட்டது. பத்து பில்களை ஏற்றியிருந்தேன், ஒருமுறைகூடச் சேமிக்கவில்லை. தானாகச் சேமிக்கும் வசதியையும் அப்போது நான் அணைத்து வைத்திருந்தேன்.

கரண்ட் வந்து மென்பொருளைத் திறந்தால், கோப்பு பூட்டப்பட்டிருக்கிறது, வேறு யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கலாம் என்று ஒரு செய்தி. வீட்டில் வேறு யாரும் கணினியைத் தொடவில்லை. நான் பயன்படுத்துவது க்னூகேஷ் என்ற இலவச மென்பொருள். கணக்கைத் திறந்ததும் பக்கத்திலேயே சின்னதாக ஒரு பூட்டுக் கோப்பை அது வைத்துவிடும். ஒழுங்காக மூடினால் அதை எடுத்துவிடும். கரண்ட் போனால் எடுக்க ஆளில்லை, பூட்டு அப்படியே கிடக்கும். வேறு கணினியில் யாரும் திறந்து வைத்திருக்கவில்லை என்று உறுதியானால் 'இருந்தாலும் திற' என்ற பொத்தானை அழுத்தலாம். ஆபத்தில்லை.

சரி, அந்தப் பத்து பில்கள்?

நம் ஊர் பழைய கடைகளில் இரண்டு நோட்டு இருக்கும். நடக்க நடக்க எழுதுவது சிட்டை. சாவகாசமாக உட்கார்ந்து, ஆள்வாரியாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு. பேரேடு நனைந்து போனாலும் பழைய பேரேட்டின் பிரதியும் சிட்டையும் இருந்தால் கணக்கை மறுபடி கட்டி எழுப்பிவிடலாம். மென்பொருளும் இதைத்தான் செய்கிறது. கணக்கு இருக்கும் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் பிரதான கோப்பைச் சுற்றி அதே பெயரில், வாலில் 20240630193512 போல நீண்ட எண்ணோடு நிறைய கோப்புகள் கிடக்கும். குப்பை என்று நினைத்து அழித்தவர்களை எனக்குத் தெரியும். அந்த எண் ஆண்டு, மாதம், தேதி, மணி, நிமிடம், நொடி. அவற்றில் ஒரு வகை பேரேட்டின் பழைய பிரதி, அதாவது பேக்கப். இன்னொரு வகை சிட்டை, அதாவது லாக். இரண்டையும் வழக்கமாக 30 நாள் வைத்திருந்துவிட்டு மென்பொருளே நீக்கிவிடும். அமைப்பில் போய் அந்தக் கெடுவை மாற்றலாம்.

பேக்கப் எப்படி உருவாகிறது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சேமி என்றதும் மென்பொருள் பிரதான கோப்பின் மேல் நேரடியாக எழுதுவதில்லை. ஏற்கெனவே இருப்பதை நேரமுத்திரையிட்டு ஒதுக்கி வைக்கிறது. புதியதை ஒரு தற்காலிகக் கோப்பில் முழுதாக எழுதி முடிக்கிறது. அப்புறம்தான் அதைப் பிரதான கோப்பின் இடத்தில் வைக்கிறது. எழுதும் நடுவில் கரண்ட் போனாலும் பழையது பத்திரம். ஆக, பேக்கப்பின் பெயரில் உள்ள நேரம் அது ஒதுக்கப்பட்ட நேரம். உள்ளே இருப்பது அதற்கு முந்தைய சேமிப்பு வரையிலான கணக்கு. இதைக் கவனிக்காமல்தான் பலர் தப்பான லாகைத் தேடிப் போகிறார்கள்.

லாக் வேறு மாதிரி. ஒவ்வொரு பதிவையும் எண்டர் தட்டி உள்ளே தள்ளும்போதே அது வட்டில் எழுதப்படுகிறது, நீங்கள் சேமிக்க வேண்டியதில்லை. சாதாரண நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். நான் திறந்தபோது என் பத்து பில்களும் வரிசையாக இருந்தன. ஒரு பதிவைத் தொட்டதும் 'பி' (B) என்று ஒரு குறி, அது உறுதியானதும் 'சி' (C) என்று இன்னொரு குறி. அழித்தால் 'டி' (D). பத்துக்கும் 'சி' இருந்தது. பாதியில் நின்ற பதினோராவதுக்கு மட்டும் இல்லை.

மீட்பது எளிது. பிரதான கோப்பு நன்றாக இருந்தால் அதைத் திறந்து, கோப்பு மெனுவின் இம்போர்ட் பகுதியில் லாகை ரீப்ளே செய்யும், அதாவது அதன் பதிவுகளை மறுபடி ஏற்றும் தேர்வில், கரண்ட் போனபோது எழுதப்பட்டுக்கொண்டிருந்த லாகைக் காட்ட வேண்டும். பிரதான கோப்பே கெட்டிருந்தால் கடைசி பேக்கப்பைத் திறந்து, உடனே வேறு பெயரில் சேமித்துக்கொண்டு, அதற்குள் இருக்கும் கணக்குக்குப் பிந்தைய லாகுகளைப் பழையதிலிருந்து வரிசையாக ஓட்ட வேண்டும். வேறு பெயரில் சேமிப்பதை விட்டுவிடாதீர்கள். பேக்கப்பிலேயே வேலையைத் தொடர்ந்தால் பெயரில் நேரமுத்திரை மேல் நேரமுத்திரை ஏறி, எது உண்மையான பேரேடு என்று ஒரு மாதத்தில் உங்களுக்கே தெரியாமல் போகும். லாகில் இருப்பது வரவு செலவுப் பதிவுகள் மட்டும்தான். மாதாமாதம் தானாக ஏறும்படி நீங்கள் அமைத்த வாடகைப் பதிவின் அமைப்பு அதில் வராது.

மீட்ட கணக்கு சரியா என்று பார்க்க, ஒவ்வொரு தொகையையும் இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறை கைகொடுக்கிறது. 185 ரூபாய் மருந்துச் செலவு, கோப்புக்குள் 18500/100 என்று ஓரிடத்திலும் -18500/100 என்று இன்னோரிடத்திலும் இருக்கும். தசமமாக வைத்தால் கணினியின் இரும எண்ணில் 0.1 கூடத் துல்லியமாக நிற்காது, அதனால்தான் பின்னம். இரண்டையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால், சரிபார்க்கும் கட்டளை அந்த வித்தியாசத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கிக் காட்டிவிடும்.

கோப்பு பொதுவாகச் சுருக்கப்பட்டே சேமிக்கப்படுகிறது. இடம் மிச்சம்தான், ஆனால் சுருக்கிய கோப்பின் நடுவில் ஓரிடம் கெட்டால் அதற்குப் பின்னால் உள்ளதைப் படிப்பதே சிரமம். வீட்டுக் கணக்குக்கு இந்த மிச்சம் தேவையில்லை என்பது என் எண்ணம். நான் சுருக்காமல்தான் வைக்கிறேன்.

இவ்வளவும் ஒரே வட்டில் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. வட்டு போனால் பேரேடும் சிட்டையும் சேர்ந்தே போகும். அதனால் மாதம் ஒருமுறை பென் டிரைவில் பிரதி எடுக்கிறேன், எடுத்ததைத் தம்பியின் மடிக்கணினியில் திறந்தும் பார்க்கிறேன். முதல் தடவை கணக்கெல்லாம் சரியாக வந்தது, வங்கி இருப்பு பாஸ்புக்கோடு பைசா மாறாமல் ஒத்துப்போனது. நான் அமைத்து வைத்திருந்த அறிக்கைகள் மட்டும் ஒன்றுகூட இல்லை. அவை கணக்குக் கோப்புக்குள் இருப்பதில்லை, பயனருக்கான தனி ஃபோல்டரில் கிடக்கின்றன என்று அன்றுதான் தெரிந்தது. இப்போது அந்த ஃபோல்டரும் பென் டிரைவில் ஏறுகிறது.