தொழிற்கூத்து: ‘கொம்மேதியா தெல்லார்தே’ என்ற சொல்லின் கதை

முகமூடி அணிந்து ஆடும் பழைய இத்தாலிய நகைச்சுவை நாடகத்துக்குக் ‘கொம்மேதியா தெல்லார்தே’ என்று பெயர். தமிழில் இதை எழுத நேர்கிறவர்கள் ஆங்கில உச்சரிப்பை ஒட்டி ‘காமெடியா டெல் ஆர்ட்டே’ என்று எழுதிவிடுவது உண்டு. இத்தாலியரின் நாக்கு டகரத்துக்கு மேலே மடங்குவதில்லை, தகரத்துக்குப் பல்லைத் தொடுகிறது. ஆகவே ‘த’ போட்டு எழுதுவதே மூல ஒலிக்கு நெருக்கம். ஆனால் இது சின்னப் பிழைதான். பெரிய பிழை பொருளில் நேர்கிறது. அகராதியை விரித்து வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கலையின் நகைச்சுவை’ என்று வந்து நிற்கும். அந்தத் தொடரில் உள்ள இரண்டு சொற்களுமே வழி தவறியவை.

முதலில் ‘ஆர்தே’. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் ஓவியமும் சிற்பமும்தான் நினைவுக்கு வரும். இடைக்கால ஃப்ளாரன்ஸ் நகரத்தில் அதைச் சொல்லியிருந்தால் கம்பளி மூட்டையும் செருப்புத் தைக்கும் ஊசியும் நினைவுக்கு வந்திருக்கும். அந்த நகரத்தின் தொழிற்குழுக்களுக்கே ‘ஆர்தி’ என்றுதான் பெயர். ‘ஆர்தே’ என்பதன் பன்மை அது. கம்பளிக்காரர்களுக்கு ஓர் ஆர்தே, பட்டுக்காரர்களுக்கு ஓர் ஆர்தே, கசாப்புக்காரர்களுக்கு ஒன்று, கொல்லர்களுக்கு ஒன்று. பெரிய குழுக்கள் 7, சிறிய குழுக்கள் 14. நகர ஆட்சியில் பங்கு வேண்டும் என்றால் ஏதாவது ஒரு குழுவில் பெயர் இருக்க வேண்டும். மகாகவி தாந்தே மருத்துவர்களும் மருந்து வணிகர்களும் சேர்ந்திருந்த ஆர்தேயில் பெயரைப் பதிந்துகொண்டதும் இதற்காகத்தான். அவர் யாருக்கும் நாடி பார்த்தவர் அல்லர்.

‘தெல்லார்தே’ என்றால் ‘தொழிலைச் சேர்ந்த’ என்று பொருள். அப்படியானால் தொழிலைச் சேராத நாடகமும் இருந்திருக்க வேண்டும் அல்லவா? இருந்தது. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பழைய ரோமானிய நாடக ஆசிரியர்களைப் பின்பற்றிப் புலவர்கள் நாடகம் எழுதினார்கள். அரண்மனைகளிலும் கல்விக் கழகங்களிலும் பிரபுக்களும் மாணவர்களும் அதைப் பொழுதுபோக்காக நடித்தார்கள். அதன் பெயர் ‘புலமை நாடகம்’. வயிற்றுக்காக நடித்தவர்களின் நாடகம் வேறு. அதை ஏளனமாகக் ‘கூலி நாடகம்’ என்று சொன்னவர்களும் உண்டு. நம் பழைய இலக்கணத்தில் அரசர் முன் ஆடும் வேத்தியல், பொதுமக்கள் முன் ஆடும் பொதுவியல் என்று கூத்தை இரண்டாகப் பிரித்தார்களே, ஏறக்குறைய அந்தப் பிரிவு.

அந்தக் கூலிக்காரர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு ஒரு பத்திரம் சாட்சியாக இருக்கிறது. 1545 பிப்ரவரி 25 அன்று பாதுவா நகரத்தில் எட்டு ஆண்கள் ஒரு நோட்டரியின் முன்னால் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். தலைவர் பெயர் மாஃபியோ. அடுத்த ஆண்டுத் தவக்காலம் வரை ஊர் ஊராகப் போய் நாடகம் ஆட வேண்டும். அதுவரை யாரும் பிரியக் கூடாது. நாடக விஷயத்தில் தலைவர் சொல்வதை மற்றவர்கள் தட்டக் கூடாது. யாராவது நோயில் விழுந்தால் பொதுப் பணத்திலிருந்து செலவு செய்ய வேண்டும். சாமான்களைச் சுமக்கப் பொதுப் பணத்தில் ஒரு குதிரை வாங்க வேண்டும். வசூல் ஒரு பெட்டியில் இருக்கும். அந்தப் பெட்டிக்கு மூன்று சாவிகள், மூன்றும் மூன்று பேரிடம். தங்களுக்குள் சீட்டாடக் கூடாது, தின்பண்டத்தைப் பந்தயமாக வைத்தால் மட்டும் ஆடலாம்.

எனக்கு இந்தக் கடைசி விதி மிகவும் பிடிக்கும். இதற்கு முன் எந்தக் குழுவிலோ யாரோ சீட்டாடி முழு வசூலையும் தோற்றிருக்கிறார்கள் என்று ஊகிக்கத் தோன்றுகிறது. பத்திரம் முழுக்கத் தேடினாலும் அழகியல் பற்றி ஒரு வரி கிடையாது. குதிரையும் பெட்டியும் சாவியும்தான் இருக்கின்றன. ‘ஆர்தே’ என்பதன் பொருளை அறிய இதைவிட நல்ல அகராதி வேண்டுமா? இன்று பல நாடுகளின் நாடகக் குழுக்கள் பிப்ரவரி 25ஐ இந்த நாடகத்தின் நாளாகக் கொண்டாடுகின்றன. அவர்கள் கொண்டாடுவது ஒரு நாடகம் அரங்கேறிய நாளை அல்ல, ஒரு கூட்டுத் தொழில் பதிவான நாளை. பெண்களும் விரைவிலேயே இந்தத் தொழிலுக்கு வந்தார்கள். 1564இல் ரோமில் எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தத்தில் லுக்ரேசியா என்ற நடிகையின் பெயர் இருக்கிறது. இங்கிலாந்தின் பொது அரங்குகளில் பையன்கள் பெண் வேடம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது.

வேடிக்கை என்னவென்றால், இந்த எட்டுப் பேருக்கும் ‘கொம்மேதியா தெல்லார்தே’ என்ற பெயர் தெரியாது. அவர்கள் காலத்திலும் அதற்குப் பிந்தியும் ‘திடீர் நாடகம்’, ‘வேலைக்காரர் நாடகம்’, ‘இத்தாலிய நாடகம்’ என்ற பொருளில் பல பெயர்கள் வழங்கின. நாம் இன்று சொல்லும் பெயர் எழுத்தில் தோன்றியது 1750இல், வெனிஸ் நாடகாசிரியர் கார்லோ கோல்தோனியின் ஒரு நாடகத்தில். கோல்தோனி யார்? முகமூடியைக் கழற்றி, நடிகரின் கையில் முழு வசனத்தையும் கொடுத்து, இந்தப் பழைய முறையை மாற்றியமைக்க முயன்றவர். நோயாளிக்குப் பெயர் வைத்தவரே அவரை வழியனுப்பவும் நின்றார் என்று சொல்லலாம்.

இனிக் ‘கொம்மேதியா’. கிரேக்க மொழியில் ‘கோமோஸ்’ என்றால் ஆட்டம்பாட்டமான கொண்டாட்டம், ‘ஓதே’ என்றால் பாட்டு. இரண்டும் சேர்ந்து பிறந்த சொல்லின் பேரப்பிள்ளைதான் நம் ‘காமெடி’. தமிழில் அது சிரிப்பு என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. இத்தாலிய மொழியில் அப்படி இல்லை. ‘கொம்மேதியா’ என்றால் பொதுவாக நாடகம் என்றும் பொருள், நடிகருக்கே ‘கொம்மேதியாந்தே’ என்று பெயர். ஆகவே நகைச்சுவை என்ற சொல் இங்கே பாதியைத்தான் தொடுகிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘முகமூடி நாடகம்’ என்பது பார்த்ததும் புரியும், ஆனால் போதாது. காதலர்களாக வருகிற நடிகர்கள் முகமூடி அணிவதில்லை. முகமூடி அணிந்து ஆடும் நாடகம் உலகில் வேறு எத்தனையோ இருக்கிறது. ‘திடீர் நாடகம்’ என்றால் ஒத்திகையில்லாமல் மனம் போனபடி ஆடியது போல ஆகிவிடும். உண்மையில் நடிகர்கள் காதல் பேச்சு, வசவு, புலம்பல், தற்பெருமை என்று பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து வைத்திருந்து, சமயம் பார்த்து எடுத்து விட்டார்கள். கையில் சரக்கு இருந்தால்தான் கடை விரிக்க முடியும்.

என் கட்சி ‘தொழிற்கூத்து’. ‘தொழில்’ என்ற சொல்லில் பாதுவா பத்திரத்தின் பெட்டியும் சாவியும் இருக்கின்றன. நம் ஊரிலும் பரம்பரையாக ஆடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் தாங்கள் செய்வதைத் ‘தொழில்’ என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். ‘கலைச்சேவை’ என்பது மேடையில் பொன்னாடை போர்த்துகிறவர்களின் சொல். ‘கூத்து’ இன்னும் பொருத்தம். அது நாடகத்தையும் குறிக்கும், சிரிப்பையும் குறிக்கும். ‘இது என்ன கூத்து!’ என்று நாம் சொல்லும்போது ‘கொம்மேதியா’வின் இரண்டு பொருள்களும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. ‘கலை’ என்ற சொல்லை நான் முழுக்க விலக்கவில்லை. ‘ஆய கலைகள் அறுபத்துநான்கு’ என்ற கணக்கில் கைவேலைகளும் அடக்கம்தான். ஆனால் ‘ஆர்தே’ ஓவியக் கூடத்துக்குள் போய் உட்கார்ந்தது போலவே ‘கலை’யும் போய் உட்கார்ந்துவிட்டது. எழுதும்போது முதல் இடத்தில் ‘கொம்மேதியா தெல்லார்தே எனும் இத்தாலியத் தொழிற்கூத்து’ என்று சொல்லிவிட்டு, பிறகு தொழிற்கூத்து என்றே தொடரலாம்.

தாய்ச்சொல் கிடைத்தால் பிள்ளைச் சொற்களும் கிடைத்துவிடும். இத்தாலிய மொழியில் ‘மாஸ்கெரா’ என்பது முகத்தில் மாட்டும் தோலையும் குறிக்கும், அந்தப் பாத்திரத்தையும் குறிக்கும். தமிழில் இதற்கு ‘வேஷம்’ இருக்கிறது. ஒரு நடிகர் வாழ்நாள் முழுக்க ஒரே வேஷம் கட்டுவார். நம் இசை நாடகத்தில் ராஜபார்ட், கள்ளபார்ட் என்று ஆளுக்கு ஒரு பார்ட் நிலைத்தது போல. கதைக் குறிப்புக்குக் ‘கனோவாச்சோ’ என்று பெயர். சமையலறையில் கை துடைக்கும் முரட்டுத் துணிக்கும் அதே சொல்தான். யார் எப்போது உள்ளே வருகிறார், எதற்காகச் சண்டை, யார் உதைபடுகிறார் என்பதை மட்டும் எழுதித் திரைக்குப் பின்னால் மாட்டி வைப்பார்கள். பூத்தையல் போடுவது நடிகரின் வேலை. 1611இல் ஃப்ளாமீனியோ ஸ்காலா இப்படி 50 கதைக் குறிப்புகளை வெனிஸில் அச்சிட்டார்.

‘லாத்ஸோ’ என்று ஒரு சொல். கதையை நிறுத்திவிட்டு நடிகர் செய்யும் சிரிப்புத் துணுக்கு அது. பசியில் துடிக்கும் வேலைக்காரன் பறக்கிற ஓர் ஈயைக் கவனித்து, பதுங்கிப் பிடித்து, இறக்கையைப் பிய்த்து ருசித்துத் தின்கிற துணுக்கு மிகவும் பேர்போனது. மேடையில் ஈயே இருக்காது. இதற்குச் ‘சேட்டை’ என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. அதன் வடமொழி மூலத்துக்கு உடல் அசைவு என்றே பொருள். வேலைக்கார வேஷத்துக்குத் ‘த்ஸான்னி’ என்று பெயர். ஜொவான்னி என்ற சர்வசாதாரணமான பெயரின் வட இத்தாலிய வழக்கு அது. மலையூரான பெர்காமோவிலிருந்து வெனிஸுக்குப் பிழைக்க வந்து மூட்டை தூக்கிய கூலிகளை நினைத்து வைத்த பெயர். நம் வாயில் குப்பன், சுப்பன்.

இந்தக் கூத்தை நாம் பார்த்திராவிட்டாலும் அதன் சரக்கு நம் வீட்டுக்கு வந்திருக்கிறது. பந்தலோனே என்பது கஞ்சத்தனமான வெனிஸ் கிழவணிகரின் வேஷம். பாதம் வரை ஒட்டிய சிவப்புக் காலுடை அவருக்கு அடையாளம். அவர் பெயர் பிரெஞ்சுக்குப் போய்க் காலுடையின் பெயராகி, ஆங்கிலத்தில் குறுகி, நம் பையன்கள் மாட்டிக்கொள்ளும் ‘பேண்ட்’ ஆனது. இசை நாடக மேடையின் ‘பபூன்’ வந்த வழியும் இதேதான்: கன்னத்தை உப்ப வைத்துச் சிரிப்புக் காட்டும் இத்தாலியக் கோமாளியான ‘புஃபோனே’ பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாக மதுரைப் பக்கத்துத் திருவிழா மேடை வரை நடந்து வந்திருக்கிறார்.

18ஆம் நூற்றாண்டின் முடிவில் தொழில் நொடித்துப்போனது. பிறகு மீட்பு என்று பேசப்பட்டதெல்லாம் முதலில் படங்களிலும் புத்தகங்களிலும் நடந்தது. உண்மையான திருப்பம் 1947இல் மிலான் நகரத்தில் வந்தது. அந்த ஆண்டு தொடங்கிய பிக்கொலோ அரங்கத்தில் ஜோர்ஜோ ஸ்த்ரேலர் என்ற இயக்குநர், இரண்டு எசமானர்களுக்கு ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் பசிக்காரனின் கதையை மேடையேற்றினார். எழுதியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? வழியனுப்ப நின்ற அதே கோல்தோனி.

வேலைக்காரன் அர்லெக்கீனோவாக ஆடிய மார்ச்செல்லோ மொரெத்திக்கு முகமூடி ஒத்துவரவில்லை. முகத்தில் உறுத்தியது. முகமூடியைப் போல முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு ஆடினார். குறை அவரிடம் இல்லை. பழைய தோல் முகமூடியைச் செய்யத் தெரிந்தவர்களே மிஞ்சியிருக்கவில்லை. பாதுவாவில் அம்லேத்தோ சர்த்தோரி என்ற சிற்பி அந்த வேலையை மறுபடி கற்றுக்கொண்டார், சொல்லிக் கொடுக்க ஆசான் இல்லாமலேயே. மரத்தில் முகத்தைச் செதுக்கி, நனைத்த தோலை அதன்மேல் போர்த்தி, கொம்பாலான சுத்தியால் சுருக்கம் சுருக்கமாகத் தட்டிப் படிய வைக்க வேண்டும். காய்ந்த பிறகு கழற்றினால் தோல் மரத்தின் முகத்தை வாங்கிக்கொண்டிருக்கும். வாயும் முகவாயும் திறந்திருப்பதால் பேசத் தடையில்லை. புருவமும் கன்னமும் மறைந்துவிடுவதால் முகபாவம் முழுவதையும் கழுத்தும் முதுகும் முழங்காலும் காட்ட வேண்டும். மொரெத்தி தோல் முகமூடியை ஏற்றுக்கொண்டார்.

ழாக் லெகோக் என்ற பிரெஞ்சுக்காரர் பாதுவாவில் சர்த்தோரியோடு வேலை செய்துவிட்டு 1956இல் பாரிஸில் நாடகப் பள்ளி தொடங்கினார்; முகமூடிப் பயிற்சி அங்கிருந்து உலகம் சுற்றியது. சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு குழு பூங்காக்களில் இந்த வேஷங்களைக் கட்டி அரசியல் பேசியது. லண்டனில் 2011இல் கோல்தோனியின் அதே கதை 1963ஆம் ஆண்டின் பிரைட்டன் என்ற ஆங்கிலேயக் கடற்கரை ஊருக்கு இடம் மாறி வந்தது. முகமூடி கிடையாது, பசியும் சேட்டையும் மட்டும் அப்படியே. எது உண்மையான மீட்பு என்று இவர்களுக்குள் சண்டை ஓய்வதில்லை. முகமூடியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது போல அச்சாக நகலெடுத்து ஆடுவதைவிட, முகமூடியில்லாத பிரைட்டன்காரரே பாதுவா எட்டுப் பேருக்கு நெருங்கிய சொந்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. பார்க்க வந்தவரின் சிரிப்பை நம்பி அன்றாடம் பிழைத்தவர்கள் அவர்கள்.

ஆனால் மிலான் மேடையையும் தள்ளிவிட முடியாது. மொரெத்தி 1961இல் இறந்தார். அவருக்கு மாற்று ஆளாக 1960இல் வந்து சேர்ந்திருந்த ஃபெருச்சோ சொலேரி அந்த வேஷத்தை ஏற்று, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முறை ஆடினார். அதே ஒட்டுத் துணிச் சட்டை, அதே கறுப்புத் தோல் முகம், அதே ஈ. அவர் வேஷத்தைக் கழற்றியது 2018இல். அப்போது அவருக்கு வயது 88. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே என்ரிகோ பொனவேரா அவரோடு முறை வைத்து அந்த வேஷத்தைக் கட்டத் தொடங்கியிருந்தார்.