தோல்விக்கு வாக்காளரைக் குறை சொல்வதற்கு முன்

பெங்களூரு அல்சூரில் வழக்கறிஞராக இருக்கும் எனக்கு, ஒவ்வொரு தேர்தல் முடிவுக்குப் பிறகும் இரண்டு பேச்சுகள் காதில் விழும். தோற்ற கட்சியின் வார்டுக்காரர்கள், "ஜனங்கள் காசுக்கு விலை போய்விட்டார்கள்" என்பார்கள். ஓட்டுப் போட்டவர்களோ, "நிறுத்திய ஆள் சரியில்லை, நாங்கள் என்ன செய்வது?" என்பார்கள். இரண்டாவது பேச்சில்தான் நியாயம் அதிகம் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் வாக்குச்சாவடியில் நம் முன் இருக்கும் பெயர்ப் பட்டியலை நாம் எழுதுவதில்லை, கட்சித் தலைமைகள் எழுதுகின்றன.

2019 ஜூலையில் கர்நாடகக் கூட்டணி அரசு கவிழ்ந்தபோது, அந்தக் கூட்டணியை விட்டு விலகிய 17 சட்டமன்ற உறுப்பினர்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் அந்த நவம்பரில் தகுதி நீக்கத்தை உறுதி செய்தது, ஆனால் அவர்கள் மறுபடி போட்டியிடலாம் என்றும் சொன்னது. டிசம்பர் இடைத்தேர்தலில் கே.ஆர். புரம், யஷ்வந்த்பூர், மகாலட்சுமி லேஅவுட் தொகுதிகளில், 2018-ல் ஜெயித்த அதே ஆட்களுக்கு எதிர்முகாம் சீட் கொடுத்தது, அவர்களும் ஜெயித்தார்கள். 2018-ல் போட்ட ஓட்டு வீணானதற்கு வாக்காளர் பொறுப்பாளி அல்ல. மறுமுறை அதே ஆளுக்கு ஓட்டுப் போட்டதற்கு அவரும் பொறுப்பாளிதான். இதை அந்தத் தொகுதிகளிலிருந்து என்னிடம் வழக்குக்காக வருபவர்களிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன்.

குற்ற வழக்குள்ளவரை நிறுத்தும் கட்சி, ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தது, வழக்கில்லாத வேறொருவரை ஏன் நிறுத்தவில்லை என்பதை 48 மணி நேரத்துக்குள் வெளியிட வேண்டும், வெற்றி வாய்ப்பு மட்டுமே காரணமாகாது என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கட்சிகள் அதைச் சி-7 என்ற படிவத்தில் தருகின்றன. ஓட்டுக் கேட்டு வீட்டு வாசலுக்கு வருபவரிடம் அந்தக் காரணத்தைக் கேளுங்கள்.

மாநகராட்சியிலோ ஓட்டுப் போடவே வழியில்லாமல் போயிற்று. 2015-ல் தேர்ந்தெடுத்த மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்த பின், ஆண்டுக்கணக்கில் கவுன்சிலர் இல்லாமல் அதிகாரிகளே நகரத்தை நடத்தினார்கள். ஆட்சிகள் மாறின, தேர்தல் வரவில்லை. இதில் வாக்காளர் மீது சுமத்த எந்தப் பழியும் இல்லை.

நம் பக்கத்துத் தவறு வாக்காளர் பட்டியலிலேயே தொடங்குகிறது. சென்ற தேர்தலுக்கு முன் ஒரு தையல்காரர் இரண்டு வாக்காளர் அட்டைகளை என் மேசையில் வைத்தார். ஒன்று அல்சூர் முகவரி, மற்றது திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமம். "எங்கே போட்டாலும் ஓட்டுதானே சார்?" என்றார். ஒருவர் பெயர் இரண்டு தொகுதிகளில் இருக்கக் கூடாது என்றும், வேறெங்கும் பெயர் இல்லை என்று பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு என்றும் விளக்கினேன். வெகுநேரம் யோசித்தார், ஊர் அட்டையில் அவருடைய அப்பாவின் பெயர் இருந்தது. கடைசியில், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கும் தெருவும் இங்கேதான் இருக்கின்றன என்று சொல்லி, ஊர்ப் பட்டியலில் பெயரை நீக்கக் கோரும் படிவம் 7-ல் கையெழுத்துப் போட்டார்.