பின்வாசலின் சாவி யாரிடம் இருக்கிறது?

சமுதாயக் கூடங்களையும் சிற்றரங்குகளையும் இணையத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் வழக்கம் பெருகிய பிறகு, தீப்பாதுகாப்பு ஆய்வாளரான நான் கவனித்த முதல் மாற்றம் காவலாளி காணாமல் போனதுதான். முன்பு கூடத்தைத் திறந்துவிட ஒருவர் வருவார். மின்பெட்டி எங்கே, எந்தக் கதவு இறுகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். இப்போது கதவைத் திறக்கும் எண் குறுஞ்செய்தியில் வருகிறது. அதை அழுத்தி உள்ளே நுழைபவரே அன்று மாலை முழுவதும் அக்கட்டடத்திற்குப் பொறுப்பாளர் ஆகிவிடுகிறார், பெரும்பாலும் அதை அறியாமலே.

ஒரு கூடத்தை அண்மையில் ஆய்வு செய்தேன். முன்பதிவுப் பக்கத்தில் படங்கள் அழகாக இருந்தன, மதிப்புரைகளும் நன்றாகவே இருந்தன. பின்வாசலிலோ நாற்காலிகள் அடுக்கப்பட்டு, கதவில் பூட்டும் தொங்கியது. வாடகைக்கு எடுத்தவர்கள் அடுக்கியவை என்றார் உரிமையாளர்; நாங்கள் வந்தபோதே அப்படித்தான் இருந்தது என்றார்கள் அவர்கள். இருவருமே பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆபத்து நேரும்போது மனிதர்கள் தாம் நுழைந்த வாசலை நோக்கியே ஓடுவார்கள். 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஓர் இரவு விடுதியில் பற்றிய தீயில் 100 பேர் இறந்தனர். வேறு வாசல்கள் இருந்தும் பெருங்கூட்டம் முன்வாசலில் நெரிந்து சிக்கியது. ஆகவே மற்றொரு வாசல் இருந்தால் மட்டும் போதாது. அது திறந்திருக்கிறது என்பதை வந்தவர்களுக்கு முன்கூட்டியே சொல்லவும் வேண்டும்.

முன்பதிவுப் பக்கத்தில் '200 பேர் அமரலாம்' என்றிருந்தால், எந்த அமைப்பில் என்று கேளுங்கள். அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிகளின் கணக்குப்படி, நாற்காலிகள் மட்டும் போட்டால் ஒருவருக்கு 7 சதுர அடியும், மேசைகளும் சேர்ந்தால் 15 சதுர அடியும் தேவை. எனவே 1,500 சதுர அடிக் கூடம் முதல் வகையில் ஏறத்தாழ 214 பேரையும், இரண்டாம் வகையில் 100 பேரையும்தான் தாங்கும். உங்கள் ஊர் விதி வேறாக இருக்கலாம். அனுமதிச் சான்றில் உள்ள எண்ணிக்கையே முடிவானது, அதன் நகலைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பொறுப்பு பற்றிய பகுதியை யாரும் படிப்பதில்லை (ஒப்பந்தம் எழுதுபவர்களுக்கும் அது தெரியும்). பல முன்பதிவுத் தளங்கள் தம்மை இடைத்தரகர் என்றே வரையறுத்துக்கொள்கின்றன. உடன்பாடு உங்களுக்கும் உரிமையாளருக்கும் இடையிலானது. உரிமையாளரின் காப்பீடு கட்டடத்தின் குறையால் வரும் இழப்பை ஏற்றாலும், நீங்கள் கொண்டுவந்த ஒலிபெருக்கியின் கம்பியில் ஒருவர் தடுக்கி விழுந்தால் அதை ஏற்காமல் போகலாம். எது யாருடைய பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். முன்பணத்தைத் தளத்திற்கு வெளியே தனிக்கணக்கில் செலுத்தச் சொன்னால் விலகிவிடுங்கள்.

மின்கம்பிச் சுருளைப் பயன்படுத்தினால் முழுவதும் விரித்துவிடுங்கள். சுற்றியபடியே மின்சுமையை ஏற்றினால் அது உள்ளுக்குள் சூடேறி உருகும். விருந்தினர் வருவதற்கு முன் ஒவ்வொரு வாசலையும் உங்கள் கையாலேயே திறந்து பாருங்கள்.

நான் ஆய்வு செய்த அந்தக் கூடத்தின் பின்வாசல் சாவி உரிமையாளர் வீட்டில் இருந்தது. அது வந்து சேர நாற்பது நிமிடம் ஆயிற்று.