பந்தை விட்டு மனதை அடிக்கும் தந்திரங்கள்

டென்னிஸ் ஆட்டம். முதல் செட் உங்களுடையது. பக்கம் மாறும்போது எதிராளி தண்ணீர் குடித்தபடியே சிரித்த முகமாகக் கேட்கிறார்: "உங்க ஃபோர்ஹேண்ட் இன்னிக்கு அபாரம் சார். மணிக்கட்டை எப்படி வச்சுக்கறீங்க?" நீங்களும் மகிழ்ந்துபோய்த் திருப்பிக் காட்டுகிறீர்கள். அடுத்த கேமில் அதே ஃபோர்ஹேண்ட் அடி மூன்று முறை வலையில் போய் விழுகிறது.

பழகி ஊறிப்போன அடியை மூளை துண்டு துண்டாக யோசித்துச் செய்வதில்லை. இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் ஒரே ஓட்டமாக இயங்கும். கற்றுக்கொண்ட புதிதில்தான் "இங்கே வளை, அங்கே திருப்பு" என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு அடித்தோம். அந்த ஒரு கேள்வி நம்மைப் பழைய நிலைக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. படியிறங்கும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசித்தால் தடுமாறுவோமே, அதே கதை. ரிச் மாஸ்டர்ஸ் என்ற உளவியலாளர் 1992-ல் கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தள்ளப் பழக்கிப் பார்த்தார். விதிமுறைகளைச் சொல்லிக்கொடுத்துப் பழக்கியவர்கள் நெருக்கடி வந்ததும் தடுமாறினார்கள். எதுவும் சொல்லாமல், கவனத்தை வேறொரு வேலையில் திருப்பிவிட்டுப் பழகவிட்டவர்கள் அப்படித் தடுமாறவில்லை. எனவே பாராட்டு வந்தால் நன்றி சொல்லிவிட்டு, கண்ணைப் பந்தின் மேலுள்ள வெள்ளைக் கோட்டுக்குக் கொண்டுபோங்கள். மணிக்கட்டு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அடிக்கும்போது கத்துவது இன்னொரு வகை. ஸ்காட் சினெட், ஆலன் கிங்ஸ்டோன் இருவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், டென்னிஸ் அடிகளின் வீடியோவைக் காட்டி, பந்து எந்தப் பக்கம் போகிறது என்று மாணவர்களைச் சொல்லச் சொன்னார்கள். அடிபடும் நேரத்தில் கூடுதலாக ஒரு சத்தம் சேர்ந்தபோது பதில் 21 முதல் 33 மில்லி விநாடி வரை தாமதமானது, தவறுகளும் கூடின. 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 30 மில்லி விநாடியில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கடந்துவிடும். பந்து மட்டையில் படும் ஓசையும் ஒரு தகவல்தான். கத்தல் அதை மூடிவிடக்கூடும். நீங்கள் அடிக்கும் நொடியில் எதிராளி வேண்டுமென்றே கத்தினால் விதிப்படி பாயிண்ட் உங்களுக்கு.

கையைத் தாழ்த்திப் பந்தைத் தட்டிப் போடும் கீழ்க்கை சர்வை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனமில்லை. 1989 பிரெஞ்சு ஓப்பனில் தசைப்பிடிப்போடு ஆடிய 17 வயது மைக்கேல் சாங், இவான் லெண்டலுக்கு எதிராக அப்படிப் போட்டு அந்தப் பாயிண்டையும் ஆட்டத்தையும் வென்றார். அது விதிக்குள் வரும் அடி, பந்தைக் கொண்டே செய்வது.

சரி, எல்லோரையும் கொதிக்க வைக்கும் விஷயத்துக்கு வருவோம்: கோட்டுக்குள் விழுந்த பந்துக்கு "அவுட்!" என்ற குரல். நடுவர் இல்லாத ஆட்டத்தில் அவரவர் பக்கத்துக்கு அவரவரே நடுவர். ஏமாற்றுகிறார் என்று முடிவுகட்டும் முன் கண் செய்யும் வேலையையும் பார்க்க வேண்டும். வேகமாக நகரும் பொருளை நம் பார்வை அது போகும் திசையிலேயே சற்றுத் தள்ளிக் காட்டும். பந்து தரையைத் தொட்டிருக்கும் நேரமோ சுமார் 5 மில்லி விநாடிதான். அதனால் கோட்டில் பட்ட பந்து கோட்டுக்கு அப்பால் விழுந்ததாகத் தெரியும். பார்வை ஆய்வாளர் டேவிட் விட்னியின் குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில் விம்பிள்டன் ஆட்டங்களின் 4,000-க்கும் மேற்பட்ட பாயிண்டுகளை அலசினார்கள். தவறான தீர்ப்புகள் 83. அவற்றில் 70, உள்ளே விழுந்த பந்தை வெளியே என்று சொன்னவை. அசையாமல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்த தொழில்முறை நடுவர்களுக்கே இந்த நிலை. ஓடிக்கொண்டே, கோட்டைக் குறுக்காகப் பார்க்கும் நம் கண்ணை எவ்வளவு நம்புவது?

அதனால்தான் சந்தேகம் வந்தால் பந்து உள்ளே என்று வைத்துக்கொள்ளும் மரபு இருக்கிறது. எதிராளியின் ஒரு தீர்ப்பு உறுத்தினால், "நல்லா தெரிஞ்சுதா?" என்று ஒருமுறை மட்டும் கேளுங்கள். களிமண் தரையாக இருந்தால் இருவரும் போய்த் தடத்தைப் பார்த்துவிடலாம்.